நேராகப் போகாத வண்டி

தூலியாவின் வண்டியில் பின்சீட்டில் உட்காருகிறவன் தொப்பி போடக்கூடாது. ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டக்கூடாது. அவள் "குனி" என்றால், ஏன் எதற்கு என்று கேட்காமல் தலையை முழங்காலுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் சம்மதம் இல்லாதவன் ஹார்லோ ஊர்க் கடைக்கு நடந்தே போகலாம். பனியில் உருப்படியாகப் போய்ச் சேர்ந்தால் அது அவன் அதிர்ஷ்டம்.

முழுப்பெயர் ஒப்துலியா. வெராக்ரூஸ் மலைப்பக்கத்துக்காரி. புருஷன் எவரார்தோவோடு வந்து, நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் டுவேன் என்பவரின் பால் பண்ணையில் மாடு கறக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் யாரேத்சி அங்கேயே பிறந்தாள். அந்த மூலையில் மாடுகள் அதிகம், மனிதர்கள் குறைவு, பஸ் என்ற பேச்சே கிடையாது. கனடா எல்லை கூப்பிடு தூரம். அதனால் கவுண்டி, அதாவது மாவட்டப் போலீஸ் போதாதென்று, பச்சைப் பட்டை போட்ட எல்லைக் காவல் வண்டிகளும் சாலையில் ஓயாமல் சுற்றும்.

பண்ணையில் மாடு கறப்பவர்கள் எல்லாரும் அவளைப் போலத்தான், இந்த நாட்டில் இருக்க அனுமதிக் காகிதம் இல்லாதவர்கள். காகிதம் இல்லாதவர்களுக்கும் பல் வலிக்கும், சோளமாவு தீர்ந்துபோகும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கும். யாராவது ஒருத்தர் வண்டி ஓட்டித்தான் ஆகவேண்டும். அந்த ஒருத்தர் முதலில் எவரார்தோவாக இருந்தான். வண்டியின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று ஒரு சாயங்காலம் போலீஸ் நிறுத்தியது. உரிமம் எங்கே என்றார்கள். அது இல்லை. பச்சைப் பட்டை வண்டி வந்தது. அடுத்த மாதம் அவன் மெக்சிகோவில் இருந்தான். செத்துப்போன ஒரு பல்புக்காக ஒரு குடும்பம் இரண்டாகப் பிளந்ததை தூலியா இன்றுவரை மன்னிக்கவில்லை. யாரை மன்னிக்கவில்லை என்று கேட்டால் பல்பைத்தான் சொல்வாள்.

அதன்பிறகு சாவி அவள் கைக்கு வந்தது. வண்டி முதலாளி டுவேன் பெயரில் இருந்த பழைய வேன். அதன் பின்னால் உள்ளூர்ப் பள்ளிக்கூட ஹாக்கி அணியின் ஸ்டிக்கரை ஒட்டினாள். முன்கண்ணாடிக்குக் கீழே மான் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுத் தொப்பி ஒன்றை வைத்தாள். பார்க்கிறவன் உள்ளூர்க்காரன் வண்டி என்று நினைக்கட்டுமே! கிளம்புமுன் ஒவ்வொரு தடவையும் வண்டியைச் சுற்றி வருவாள். உள்ளே நிகாசியோ பிரேக்கை மிதிப்பான், வெளியே அவள் விளக்கைப் பார்ப்பாள்.

நிகாசியோ கன்றுக்கொட்டகை ஆள். வாயாடி. அவனைக் கண்டால் மாடுகூடச் சிரிக்கும் என்பார்கள். தூலியாவை மட்டும் மரியாதையாக 'தோன்யா', அதாவது அம்மணி, என்று கூப்பிடுவான்.

"தோன்யா தூலியா, மிதிச்சு மிதிச்சு என் காலே தேஞ்சுபோச்சு. விளக்கு எரியுதா இல்லையா?"

"எரியுது. வாயை மூடிட்டுப் பின்னால போய் உக்காரு."

ஓட்டுவதிலும் அவளுக்கு ஒரு தனி வழி உண்டு. கண்ணாடியில் போலீஸ் வண்டியின் தலை தெரிந்த மறுகணம், முதலில் கண்ணில் படும் வாசலுக்குள் திருப்பிவிடுவாள். லூத்தரன் சர்ச், தீவனக் கடை, கல்லறைத் தோட்டம், யாரோ ஒரு புண்ணியவானின் வீட்டு முற்றம். எஞ்சினை நிறுத்துவாள், "குனி" என்பாள், போலீஸ் தாண்டிப் போனதும் மறுபடி கிளம்புவாள். அந்த வட்டாரத்தில் எந்த வாசலில் சங்கிலி போட்டிருக்கும், எதில் நாய் இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஏறின ஒருத்தரைக்கூட அவள் வழியில் பறிகொடுத்ததில்லை. அதுதான் அவளுடைய ஒரே பெருமை. யாராவது புகழ்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஆனால் உள்ளுக்குள் அதை வைத்துத்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

"இந்த வண்டி நேரா போயே நான் பார்த்ததில்ல," என்பான் நிகாசியோ. "கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் கல்லறையில ஒருதடவை இறங்கிட்டுத்தான் போகும்."

இப்படி இருக்கும்போதுதான் மாநிலத் தலைநகரத்தில் சட்டம் மாறியது. விசா கேட்க வேண்டாம், குடியுரிமை கேட்க வேண்டாம், சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை அடையாளமாகக் காட்டித் தேர்வில் தேறினால் ஓட்டுநர் உரிமம் கொடுக்கலாம் என்றார்கள். வடக்கே ஒரே களேபரம். ரேடியோவில் நாள் முழுக்கச் சண்டை. உரிமம் கொடுத்தால் சாலை பத்திரமாக இருக்கும் என்றது ஒரு கட்சி, திருட்டுத்தனமாக வந்தவனுக்குப் பரிசா என்றது இன்னொன்று. உரிமம் வழங்கவேண்டிய கவுண்டி அதிகாரியே, "சந்தேகப்படுகிற ஆள் வந்தால் எல்லைக் காவலுக்குப் போன் போடுவேன்" என்று பேட்டி கொடுத்தார். வாசலுக்கு வாசல் எதிர்ப்புப் பலகை முளைத்தது. டுவேன் வாசலிலும் ஒன்று.

தூலியா பால் அறையில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"முதலாளி, உங்க வாசல்ல இருக்கிற பலகை என்னையா சொல்லுது?"

டுவேன் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "உன்னை இல்ல. மத்தவங்களை."

"மத்தவங்கன்னா யாரு?"

"வரிசையில நிக்காம உள்ள வந்தவங்க."

"நான் எந்த வரிசையில நின்னேன்? உங்க மாட்டு வரிசையிலதானே நிக்கிறேன்."

"காலங்காத்தால வம்புக்கு வராதே தூலியா."

"வம்பு இல்ல முதலாளி. பரீட்சைக்குப் போகணும். பக்கத்துல உரிமம் உள்ள ஒருத்தர் உக்காந்து வரணுமாம். நம்ம பண்ணையில அது உங்க வீட்டுல மட்டும்தான் இருக்கு."

டுவேன் இப்போது நிமிர்ந்தார். பலகையை நட்ட கை, குழாயைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றது. "எனக்கு வேலை கிடக்கு."

"சரி. அப்ப ஞாயித்துக்கிழமை உங்க ஆளுங்களை நீங்களே கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. நிகாசியோ மிளகாய் பொறுக்க ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிடும். உங்க முட்டி வலி தாங்குமான்னு பாத்துக்குங்க."

டுவேன் பரீட்சைக்கு வர ஒப்புக்கொண்டார். பலகை அதே இடத்தில் நின்றது. மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பழகுநர் அனுமதியைத் தெற்கே பெரிய நகரத்தில் போய் வாங்கினாள். உள்ளூர் அலுவலகம் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள், முத்திரை குத்தினாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இவ்வளவுதானா என்று தூலியா திகைத்து நின்றாள். அப்புறம் கழிவறைக்குப் போய், எவரார்தோவை நினைத்து ஒரு மூச்சு அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆனால் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு நகரத்தில் கோடைகாலம் வரை இடம் இல்லை. ஹார்லோவில்தான் இருந்தது, எல்லைக் காவல் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி.

தேர்வு அன்று காலை, டுவேன் பக்கத்தில் உட்கார்ந்து வர, ஹார்லோவுக்குப் போனாள். தேர்வு எடுக்க வந்த அம்மாள் உயரமானவள், ரோமக் குல்லாய், சிரிக்கிற வழக்கம் இல்லாத வாய். மாநில அரசாங்கத்து ஆள். டுவேனை இறங்கச் சொல்லிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்தாள். தூலியா வழக்கம்போல விளக்கைச் சோதிக்கச் சுற்றி வந்தாள். பிரேக்கை மிதிக்க நிகாசியோ இல்லையே என்று டுவேனைக் கெஞ்சிக் கேட்டாள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். அந்த அம்மாள் அதையும் ஏதோ குறித்துக்கொண்டாள்.

வண்டி அழகாகப் போயிற்று. நிறுத்தக் கோட்டில் நின்றாள், பார்த்தாள், கிளம்பினாள். பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்தினாள். இத்தனை வருஷம் ஒரு பிழை செய்தால் குடும்பம் போச்சு என்று ஓட்டினவளுக்குத் தேர்வு ஒரு பெரிய விஷயமா?

"அடுத்த சிக்னல்ல நேரா போங்க," என்றாள் அந்த அம்மாள்.

அப்போது கண்ணாடியில் போலீஸ் வண்டி தெரிந்தது.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். கை தானாக வலதுபக்கம் ஒடித்தது. லூத்தரன் சர்ச் வாசலுக்குள் வண்டி நுழைந்து, எஞ்சின் நின்று, தூலியாவின் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்துவிட்டது.

"குனிங்க!"

தேர்வு அம்மாள் குனியவில்லை. எழுதும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள். தூலியாவின் தலை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனாலும் தலை நிமிர மறுத்தது.

போலீஸ் வண்டி தாண்டிப் போகவில்லை. பின்னாலேயே உள்ளே வந்தது.

சின்ன வயசுக்காரன், செம்பட்டை மீசை. ஜன்னலைத் தட்டினான். "எல்லாம் சரியா இருக்கா? திடீர்னு திரும்பினீங்க." கேட்டது அந்த அம்மாளை, பார்த்தது தூலியாவை. "நீங்க எந்த ஊர்க்காரங்க?"

தூலியா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாரேத்சியைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் அழைத்து வருவார்கள் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது.

"தம்பி, இங்க டிரைவிங் தேர்வு நடக்குது," என்றாள் அந்த அம்மாள். "உள்ள திருப்பி நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாங்க. கேள்வி கேக்குறது என் வேலை. உங்க வேலை இருந்தா போய்ப் பாருங்க."

அவன் இன்னும் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான்.

சர்ச் கூரையிலிருந்து பனி ஒரு கட்டியாகச் சரிந்து விழுந்தது.

"ரொம்ப நன்றி அம்மா," என்றாள் தூலியா.

"நன்றி எல்லாம் வேணாம். நேரா போகச் சொன்னேன், நீங்க திரும்பினீங்க. தேர்வுல தேறல." அட்டையில் கோடு போட்டாள். "நல்லா ஓட்டுறீங்க. ஆனா பின்னால யார் வந்தாலும் பாதையை மாத்தக்கூடாது. அதைப் பழகிட்டு மறுபடி வாங்க."

திரும்பும்போது விஷயத்தைக் கேட்ட டுவேன் முதலில் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அரசாங்க அம்மாளையே குனியச் சொன்னியா?" கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றது. தன் வேன் ஹார்லோவில் இருக்கும் எல்லா வாசலுக்கும் ஏன் போய்வருகிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்க வேண்டும். பண்ணை வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பூராவும் கூத்து நடந்தது. டுவேன் தன்னுடைய வெள்ளை பிக்கப்பில், தீயணைப்புத் தொண்டர்கள் வைக்கும் நீல விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு, பண்ணைச் சாலையில் தூலியாவைத் துரத்தினார். வேனில் தூலியாவின் பக்கத்தில் உரிமத்தோடு டுவேனின் மனைவி உட்கார்ந்து, "திரும்பாதே, திரும்பாதே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் நிகாசியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"தோன்யா, அது நம்ம கிழவன்! கிழவனுக்குப் பயந்தா எப்படி? நேரா போங்க!"

முதல் நாள் அவள் இரண்டு முறை வைக்கோல் கொட்டகைக்குள் திருப்பினாள். போகப் போகக் கை அடங்கியது. வண்டி நேராகப் போனது. பயத்தை விரட்டிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். வருஷக்கணக்காக அவளைக் காப்பாற்றி வந்ததே அந்தப் பயம்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சந்தோஷத்தில் காதில் ஏறியிருக்காது.

இரண்டாம் முறை தேறினாள். அதே அம்மாள்தான். அப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் இறங்கும்போது கதவை மெதுவாகச் சாத்தினாள்.

அட்டை தபாலில் வந்தது. மூலையில், மத்திய அரசுக் காரியங்களுக்குச் செல்லாது என்று சின்னதாக அச்சிட்டிருந்தது. டுவேன் பார்த்துவிட்டு, "பாத்தியா, உங்களுக்குத் தனி அட்டைதான்" என்றார். பிறகு சந்தேகம் வந்து தன் பர்ஸை எடுத்துப் பார்த்தார். அவர் அட்டையிலும் அதே வரி இருந்தது. "இது எப்ப வந்துச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பண்ணையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிரவு தூலியா சோளமாவுக்குள் கோழி வைத்துத் தமாலே அவித்தாள். எவரார்தோவுக்கு வீடியோவில் அட்டையைக் காட்டினாள். அவன் திரையில் விரலை வைத்து அவள் போட்டோவைத் தடவினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நிகாசியோ மட்டும்தான் வந்தான். மற்றவர்களுக்குக் கன்று ஈனும் மாடுகளோடு வேலை. பிரேக்கை மிதித்தான், அவள் விளக்கைப் பார்த்தாள், எண் பலகையைத் துணியால் துடைத்தாள். அவன் பழக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் ஏறினான்.

"தொப்பியைப் போட்டுக்கோ," என்றாள் தூலியா. "நிமிர்ந்து உக்காரு. இனிமே என் வண்டியில யாரும் தலை குனிய வேணாம்."

"அப்படியா மகாராணி? எனக்கு இந்த ஊர்ச் சாலை எப்படி இருக்கும்னே தெரியாது. என் முழங்காலைத்தான் தெரியும்." அவன் ஜன்னலைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தான். "அட, இங்க ஒரு ஏரி இருக்கே!"

திரும்பி வரும்போது, பையில் மிளகாயும் சோளமாவும் இருக்க, கண்ணாடியில் போலீஸ் வண்டி தெரிந்தது. சற்று தள்ளி வலதுபுறம் கல்லறைத் தோட்டத்தின் வாசல் திறந்து கிடந்தது. தூலியா பார்த்தாள். திருப்பவில்லை. நேராகப் போனாள். பின்னால் விளக்கு சுழன்றது. ஓரங்கட்டினாள்.

அதே செம்பட்டை மீசை. "எண் பலகை சேறு அப்பிக் கிடக்கு, நம்பரே தெரியல." கிளம்பும்போது துடைத்ததுதான், ஆனால் உப்புத் தூவின சாலையில் எந்தப் பலகை சுத்தமாக இருக்கும்? அவள் அட்டையை நீட்டினாள். அவன் முகம் மலர்ந்தது. "அன்னிக்கு சர்ச் வாசல்ல தேர்வு நடந்ததே, அது நீங்கதானே? தேறிட்டீங்களா? நல்லது, நல்லது." அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "பலகையைத் துடைச்சிட்டுப் போங்கம்மா."

தூலியாவுக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா என்று இரண்டாம் முறையாக நினைத்தாள்.

அவன் குனிந்து பின்சீட்டைப் பார்த்தான். "சார் யாரு? அடையாள அட்டை ஏதாவது இருக்கா?"

பின்னால் உட்கார்ந்து வருகிறவன் அடையாளம் காட்டத் தேவையில்லை என்று சட்டம் சொல்கிறதாம். பிறகு விசாரித்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அந்தப் பனியில் அந்தச் சாலையோரத்தில் நிற்கவில்லை. நிகாசியோவுக்கும் தெரியாது. அவன் தன் மெக்சிகோ அட்டையை எடுத்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். போலீஸ்காரன் அதைப் புரட்டிப் பார்த்தான். தோளில் இருந்த ரேடியோவில் ஏதோ பேசினான். கோபம் இல்லை, குரல்கூட உயரவில்லை.

"இவரை இறங்கச் சொல்லுங்க. எல்லைக் காவல் வந்து பாத்துக்குவாங்க. நீங்க போகலாம்மா, உங்ககிட்டதான் உரிமம் இருக்கே."

"நானும் இருக்கேன்," என்றாள் தூலியா.

நிகாசியோ அவள் பக்க ஜன்னலுக்கு வந்தான். அவன் வாயில் கேலி வராத ஒரு தருணத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"போங்க தோன்யா. அவனுங்க வந்தா உங்களையும் கேப்பானுங்க. புள்ளை காத்துட்டிருக்கும்."

"நான்தானேடா உன்னை நிமிர்ந்து உக்காரச் சொன்னேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு. ஏரியைப் பாத்தேன்ல." அவன் வண்டியின் பக்கவாட்டை ஒரு தட்டு தட்டினான். "போங்க. நேரா போங்க."

அவள் போனாள். சட்டம் சொன்ன வேகத்தில், சட்டம் சொன்ன பாதையில், சட்டம் கொடுத்த அட்டையோடு. தீவனக் கடை வாசல், சர்ச் வாசல், புண்ணியவானின் முற்றம் என்று அவளுக்குத் தெரிந்த வாசல்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டின. எதிரே பச்சைப் பட்டை வண்டி ஒன்று அவளைக் கடந்து கல்லறைப் பக்கம் போனது. ஓட்டியவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. பண்ணைக்கு வந்து எஞ்சினை நிறுத்தியதும் அவளுக்கு அழுகை பீறிட்டு வந்தது. மிளகாய்ப் பையைக் கட்டிக்கொண்டு, தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த வாரம் கன்றுக்கொட்டகையில் டுவேனே இறங்கி வேலை செய்தார். தெரிந்த வக்கீல் ஒருத்தருக்குப் போன் போட்டார். பலன் இல்லை. வாசலில் பலகை பனியில் பாதி புதைந்து அப்படியே நின்றது. அவர் அதைப் பிடுங்கவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருத்தன் புதுசு, நிகாசியோ இடத்துக்கு வந்த குவாத்தமாலாக்காரன், பெயர் எவெலியோ. தூலியா பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தாள். இரண்டு விளக்கும் எரிந்தன. அவன் தொப்பியோடு பின்னால் ஏறி, ஜன்னலோரம் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டான்.

"தொப்பியைக் கழட்டு. உள்ள தள்ளி உக்காரு. நான் சொல்லும்போது தலையைக் குனியணும்."

எவெலியோ சிரித்தான். "உங்ககிட்ட உரிமம் இருக்குன்னு சொன்னாங்களே தோன்யா?"

"எங்கிட்ட இருக்கு," என்றாள் தூலியா. "உங்கிட்ட?"

அவன் தொப்பியைக் கழற்றினான். பாதி வழியில் கண்ணாடியில் ஒரு போலீஸ் வண்டி தெரிந்தது. உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் கல்லறைத் தோட்டத்துக்குள் திருப்பினாள்.